தரையில் போட்டுப் பார்த்த மர வில்லைகள்

தன்னைக் கை நீட்டி அடித்த தம்பியோடு ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு, பத்மா ஏன் கடைசிவரை இருந்தார்? மாதச் சம்பளம் வாங்கியவர். வேறு வீடு பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் அல்ல. இத்தனை வருடம் கூட இருந்து பார்த்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவரைத் தெரிந்த நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். வரலாற்றுத் துறை ஸ்டெல்லா வாசலில் வந்து நின்று, மாணவிகளுக்குக் கேட்காத குரலில், "பத்மா மேடம் போயிட்டாங்க, கீதா" என்றார். அடையாற்றில் ஒரு மருத்துவமனையில், நிமோனியா. தம்பி கையால் அல்ல. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று எனக்கு ஃபோன் செய்தவர்களில் பலர் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

பத்மா நம் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. மேற்கு மாம்பலத்தில் அப்பா கட்டிய வீட்டில் மாடி அவருக்கு, கீழ்த்தளம் தம்பி ரகுவுக்கு. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் கேட்டார். ரகு சரி என்றார். பத்மா கையெழுத்துப் போட மறுத்தார். அடி அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருநாள் பத்மா வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, ரகு கொல்லைப்புற மாமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். அன்று சாயங்காலம் நான் போனபோது அடிமரத்திலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. பத்மா அதன் பக்கத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ரகு கேட்டார்: "ஏன், மரத்துக்கும் உன் கையெழுத்து வேணுமா?"

மறுவாரம் பத்மா ஒரு சின்ன லோடு வண்டியைப் பிடித்து, அடிமரத்தை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மரம் அறுக்கும் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். வட்ட வட்டமாக, பட்டையோடு அறுக்க வேண்டும் என்றதும் அறுப்பவர் சிரித்தார்.

"நல்ல கட்டைம்மா இது. பலகையா அறுத்தா கதவாவும். இத்த வட்டமா அறுத்து இன்னா பண்ணப் போற?"

"பெயிண்ட் பண்ணப் போறேன்."

"காயச்சொல்லோ பொளந்துக்கும். அப்பால என்னாண்ட வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது."

"உங்களோட சண்டை போட எனக்கு ஏது நேரம்? ஆத்துலயே ஆள் இருக்கு."

அந்த மர வில்லைகள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நெடுநாள் காய்ந்தன. பலவும் நடுவிலிருந்து பட்டைவரை பிளந்தன. பிளக்காதவற்றை பத்மா உடனே எடுத்து வரையவில்லை. ஒவ்வொன்றையும் தலைக்கு மேல் தூக்கி, சிமென்ட் தரையில் போட்டார். ஓங்கித்தான் போட்டார். கீழ்த்தளத்தின் கூரை அதிர்ந்திருக்கும். அதுவும் அவருக்கு வேண்டியதாக இருந்திருக்கலாம். நான் வேதியியல்காரி. இது என்ன சோதனை என்று கேட்டேன். "உடையறதுன்னா நான் வரையறதுக்கு முன்னாடியே உடைஞ்சுடட்டும், கீதா" என்றார்.

சனிக்கிழமை மதியங்களில் ஸ்டெல்லாவும் நானும் அங்கே போய் உட்கார்ந்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதன்மேல் அக்ரிலிக். ஸ்டெல்லா மயில் வரைவார். எனக்கு வரைய வராது. கட்டம் போட்டு நிரப்புவேன். பத்மா எல்லா வில்லையிலும் ஒன்றையே வரைந்தார். இறுக மூடிய ஆண் கை. மரத்தின் வளையங்களை மறைக்காமல், அவற்றையே விரல் மடிப்புகளாக்கி வரைவார். மோதிர விரலில் ஒரு பவழம். ரகுவின் கையில் இருந்த அதே பவழம்.

"மேடம், ஒண்ணுலயாவது ஒரு பூ போடக் கூடாதா? மாட்டி வெச்சா குழந்தைங்க பயந்துக்கும்" என்றார் ஸ்டெல்லா.

"பயப்படட்டுமே."

பத்மா சாது இல்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அப்படி எழுத மாட்டேன். தரையில் போட்டுப் பார்க்காத ஒரு வில்லையில் ஸ்டெல்லா மயில் வரைந்துவிட்டார் என்று தெரிந்ததும், வரைந்து முடித்த அதைப் பிடுங்கித் தரையில் அடித்தார். மயில் கழுத்தோடு இரண்டாகப் போயிற்று. ஸ்டெல்லா அழுதார். பத்மா மன்னிப்புக் கேட்கவில்லை. வேறொரு வில்லையைத் தூக்கிப் போட்டுக் காட்டி, "இது தாங்கும், இதுல போடு" என்று கையில் கொடுத்தார். அதே ஸ்டெல்லாதான் இன்னொரு சனிக்கிழமை பத்மாவின் முழங்கைக்கு மேல் ஊதா நிறத்தைப் பார்த்துவிட்டு, "இங்க பாருங்க மேடம், பெயிண்டு" என்று நகத்தால் உரிக்கப் போனார். அக்ரிலிக் காய்ந்தால் தோல்மாதிரி உரிந்து வரும். எங்கள் மூவருக்கும் அது பழக்கம். அது வரவில்லை. பத்மா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. "அது போகாது, விடு" என்றார்.

நாங்கள் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு முறை. ரகு பத்திரத்தோடு மாடிக்கு வந்தார். "இன்னிக்குப் போடறியா இல்லையா?"

"நான் இருக்கற வரைக்கும் மாடி என்னுது. இறங்கு கீழ."

பெயிண்ட் கிண்ணங்களை ரகு எட்டி உதைத்தார். தொட்டியடியில் உட்கார்ந்திருந்த அக்காவின் தலைமுடியைப் பிடித்துத் தொட்டிச் சுவரில் மோதினார். ஸ்டெல்லா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். சுவரில் சிவப்பு. பெயிண்ட் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. அடுத்த முறை மோதுவதற்காக ரகு இன்னொரு கையைச் சுவரில் ஊன்றியபோது, பத்மா மடியில் இருந்த வில்லையை இரண்டு கையாலும் தூக்கி அந்தக் கையின்மேல் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் மரச் சத்தத்தைவிடச் சிறியது. விரல் வீங்கி, மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. இருவரும் புகார் கொடுக்கவில்லை. பத்மாவின் நெற்றியில் நான்கு தையல்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது ஆட்டோவில் சொன்னேன்: "மயிலாப்பூர்ல என் வீட்டுக்கு வந்துடுங்க."

"வரேன். அப்புறம்? அவன் ஜெயிச்சுண்டு உக்காந்திருப்பான்."

அதை அவர் பதிலாக நினைத்தார். எனக்கு அது போதவில்லை, இன்றும். அதன்பின் ரகு மாடிக்கு வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பத்மா வரைந்த கைகளில் மோதிரம் இல்லை. மோதிர விரல் கொஞ்சம் கோணலாக இருந்தது. கை திறக்கவே இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது துணிச்சல் இல்லை. அது துணிச்சலா பிடிவாதமா என்று எனக்கு நிச்சயமில்லை. வரைவதற்கு முன் தரையில் போட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

தகனம் முடிந்த மறுநாள் காலை, வில்லைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஸ்டெல்லாவும் நானும் போனோம். சட்டப்படி மாடி இப்போது ரகுவுக்கு. தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரகு மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்று, பத்மாவின் வில்லைகளை ஒவ்வொன்றாகத் தெருவில் எறிந்துகொண்டிருந்தார். ஒரு பால்காரர் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"சார், நிறுத்துங்க! நாங்க எடுத்துக்கிறோம்!" என்றார் ஸ்டெல்லா.

"எடுத்துக்கோங்க. யாரு வேணாம்னா?" என்று இன்னொன்றை எறிந்தார்.

பொறுக்கினோம். இரண்டு மூன்று பிளந்திருந்தன. பலவற்றில் பட்டை பெயர்ந்திருந்தது, ஓரத்தில் பெயிண்ட் தெறித்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தன. எறிந்து முடித்துவிட்டு ரகு கீழே வந்தார். கேட் அருகே ஒரு வில்லை, பவழ மோதிரக் கை மேலே தெரிய, கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோணல் விரலோடு குனிந்து எடுத்து, தலைக்கு மேல் தூக்கி, சாலையில் ஓங்கி அடித்தார். உடையவில்லை. மறுபடி எடுத்து அடித்தார். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி விழுந்தது.

மூன்றாம் முறை அவர் குனியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டெல்லா அதை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, என் பையில் வைத்தார்.