இரத்தினவேலின் பதினொரு டாலர்கள்

இரத்தினவேலை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றி நான் எழுதுவதில் எங்காவது ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டால், அது என்னையும் மீறி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு கார் பார்க்கிங்கின் கூண்டுக்குள் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுகிற வேலை. ஐம்பத்து மூன்று வயது, வருடம் பூராவும் ஒரே பழுப்புக் கோட்டு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து, பக்கத்து மார்க்கம் நகரில் தனி வீடு வாங்கி, கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை பார்ப்பவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடும் நாணயச் சங்கத்தில்தான் நாங்கள் சந்தித்துக்கொள்வோம். 1994-ல் நான் சேர்ந்தபோது அங்கே தமிழர் என்று அவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் சேர்ப்பது கனடா அரசின் புரூஃப் வெள்ளி டாலர்கள். சேகரிப்பவர்களுக்கென்றே அடிக்கப்படுபவை. கண்ணாடிபோல் பளபளக்கும் தரை, அதன்மேல் வெண்மையாக உருவம். பெட்டியோடு வரும். விரல் பட்டாலே மதிப்புக் குறைந்துவிடும். இரத்தினவேல் சேர்ப்பதும் அதே டாலர்களைத்தான். ஆனால் யாரோ விவரம் தெரியாமல் பெட்டியை உடைத்துக் கடையில் கொடுத்துச் செலவழித்தவற்றை மட்டும். தேய்ந்து, கீறி, மங்கிப்போனவை. பெரிய விலை கிடையாது. ஆனால் பணத்தோடு தேடிப் போனாலும் கிடைக்காது, ஏனென்றால் அப்படிச் செலவழிக்கிற மடையன் எங்கோ ஒருவன்தான் இருப்பான்.

“உங்கட பெட்டியளுக்குள்ள இருக்கிற உதுகளை ஆரும் வாங்கலாம், தம்பி” என்பார் என்னிடம். “இது நாலு கடை ஏறி இறங்கின காசு.”

குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். இருந்தாலும் எனக்குக் குத்தியது. கறுப்புத் துணி ஒட்டிய பலகையில் 1981 முதல் 1992 வரை வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குழி வெட்டி வைத்திருந்தார். பதினொன்றில் காசு இருந்தது. சில அவருடைய கூண்டுக்கே வந்தவை. மற்றவை கடைகளில் கல்லாவில் நிற்கும் தமிழ்ப் பெண்கள் “அண்ணைக்கு” என்று எடுத்து வைத்துக் கொடுத்தவை. டொராண்டோவின் நூற்றைம்பதாவது ஆண்டுக்கு வெளியான 1984 டாலர் மட்டும் அவருக்குச் சிக்கவே இல்லை. ஒன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். சங்கத்தில் எல்லோரும் அவர் மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள். நான் இருபத்திரண்டு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவேன்.

அவரிடம் இல்லாத அந்த ஒன்று, தேய்ந்து கீறியதாக, என்னிடம் இருக்க வேண்டும். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. 1995 மே மாதம், என் 1984 டாலரைப் பெட்டியிலிருந்து எடுத்து, வீட்டுச் சாவியோடு பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஐந்து மாதம் அது என்னோடு ஆபீஸ் போய் வந்தது.

“பாக்கெட்டெல்லாம் கிழியுது. அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க உள்ள?” என்றாள் என் மனைவி வேதவல்லி.

வயிற்றெரிச்சலை வைத்திருக்கிறேன் என்று சொல்லவா முடியும்?

அக்டோபர் கூட்டத்தில் அதை அவர் கையில் வைத்தேன். “கடையில மீதி சில்லறையோட வந்துச்சு அண்ணே.”

லென்ஸை எடுத்து நெடுநேரம் பார்த்தார். “செலவழியாத காசு மாதிரிக் கிடக்கு, தம்பி. எல்லாக் கீறலும் ஒரே மாதிரி, ஒரே திறப்புப் பட்ட கீறல். ஆரோ பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கினம்.”

திறப்பு என்றால் அவர்கள் பேச்சில் சாவி. சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாதது என் நல்ல காலம். “எண்டாலும் வடிவான காசு” என்று காசைத் திருப்பித் தந்து என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்படித் தட்டிக் கொடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே ஒரு டோனட் கடைக்குப் போய், ஒரு காபிக்கு அந்த டாலரைத் தூக்கிப் போட்டேன். கல்லாவில் நின்றவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சனி தொலைந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் கூட்டத்துக்கு இரத்தினவேல் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு குழியும் நிறைந்திருந்தது.

“டோனட் கடையில மக்டலீன் எண்டு எங்கட பிள்ளை ஒண்டு நிக்குது. காலமை ஆருக்கோ மிச்சக் காசாய்க் குடுத்து, பின்னேரம் திரும்பி வந்ததாம். அதோட எனக்கெண்டு எடுத்து வைச்சு, நேத்துத்தான் தந்தது.” சொல்லிக்கொண்டே லென்ஸ் வழியாகப் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “தம்பி, இது நீங்கள் காட்டின காசெல்லோ? என்னெண்டு அங்க போனது?”

நான்தான் செலவழித்தேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காசு அவருடையது, பலகை நிறைந்தது, கைதட்டல் எழும். அந்தக் கைதட்டலை நினைத்ததும் என் நாக்கு தானாகப் புரண்டது.

“பாக்கெட் ஓட்டை அண்ணே. எங்கயோ விழுந்துருச்சு.”

“ஐயோ, அப்ப இது உங்கட காசு.” குழியிலிருந்து அதைக் கிளப்பி என் உள்ளங்கையில் வைத்தார். “துலைஞ்ச சாமான் உரிய ஆளிட்டப் போகோணும். வைச்சிருங்கோ.” நான் வாங்கிக்கொண்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அந்த நிமிடம் கூசவில்லை. இனிமேல் யார் மேசைக்கு ஆள் வருகிறது பார்ப்போம் என்றுதான் இருந்தது.

டிசம்பரில் அந்த டாலரை என் மேசையில் நடுநாயகமாக வைத்தேன். இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் இரத்தினவேலைச் சுற்றி நின்றார்கள். அவர் 1984-க்கான காலிக் குழியில் விரலை வைத்து, அது எப்படி வந்தது, ஒரு இரவு எப்படி இருந்தது, எப்படிப் போனது என்று தன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் பக்கம் கையைக் காட்டி, அந்த மனிதர் அதிர்ஷ்டசாலி என்று சொல்லிச் சிரித்தார்.

காசு என்னிடம்தான் இருந்தது. நான் அந்த வெறுங்குழியைப் பார்த்து வயிறெரிந்து நின்றேன்.