தப்பாகப் போட்ட பரீட்சை

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை மார்தட்டிச் சொல்லிக்கொள்வேன். ஆனால் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், கோதுமை வயலுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "ரோமன் ஹலுஷ்சாக்கோட தம்பி" என்றுதான் என்னைக் காட்டுவார்கள்.

அண்ணன் ரோமன் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடினான். அடித்த கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவன் வேலை வேறு. தன் அணியின் நல்ல ஆட்டக்காரனை எதிரணியில் எவனாவது இடித்துத் தள்ளினால், கோச் அண்ணனின் தோளைத் தட்டுவார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனோடு சண்டைக்கு இறங்குவான். அவன் குத்து வாங்கி ரத்தம் துப்பினால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டும்.

சீசன் தொடங்குமுன் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை வைப்பார்கள். சொற்களை நினைவு வைக்க வேண்டும், படங்களைப் பொருத்த வேண்டும். பிறகு தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும். மதிப்பெண் குறைந்தால் ஆடவிட மாட்டார்கள். ஆடாதவன் இடத்துக்கு அடுத்தவன் தயாராக நிற்பான்.

முதல் வருஷமே கூட ஆடிய டெல்பெர்ட் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான். "மொதல்லயே தப்புத் தப்பாப் போட்டுருடா. அப்புறம் மண்டை ஒடைஞ்சாலும் கொறஞ்சதாத் தெரியாது."

அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்த அண்ணன், அம்மா செய்த பெரோகிக் கொழுக்கட்டையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு பீற்றினான். "எங்க டீம்லயே பெரிய மக்கு நான்தான்மா!"

"அதுக்கு எதுக்குடா பரீட்சை? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் அம்மா. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் ஆகிறது. வெளிச்சம் ஆகாது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறான். ஆட்டத்தால் வந்த கேடு என்று ஹாக்கி லீக்கின் டாக்டர் ஒப்புக்கொண்டால்தான் வைத்தியச் செலவை அவர்கள் ஏற்பார்கள். அவனை நான்தான் கூட்டிப் போனேன்.

அதே பரீட்சை. வியர்க்க வியர்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டான்.

டாக்டர் பழைய மதிப்பெண்ணைத் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அன்னைக்கு எப்படி இருந்தீங்களோ அப்படியேதான் இருக்கீங்க. ஒண்ணும் கொறையல."

"அது வேணும்னே தப்பாப் போட்டது சார்."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

வெளியே வந்ததும் டெல்பெர்ட்டுக்குப் போன் போட்டேன், சாட்சி சொல்ல வருவாயா என்று. அவன் இப்போது ஒரு அணிக்குக் கோச். "நீ படிச்சவன், உனக்கே தெரியும். நான் வாயத் தொறந்தா எம் பொழைப்பு போயிரும்பா" என்று வைத்துவிட்டான்.

அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். ஊர் எல்லையில் தானியக் கிடங்கு தெரிந்ததும் என் தொடையில் தட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாத்தையும் தப்பாப் போட்டுட்டேன்டா. இந்த சீசன் ஆட விட்டுருவாங்க, பாரு."