பச்சைக் கிரகத்தை நம்பலாமா?

இன்று காலை சிலமலையிலிருந்து போடிக்கு வரும் பஸ்சில், போனில் விண்வெளி கேம் ஆடிக்கொண்டிருந்தேன். கப்பலில் எரிபொருள் தீரப்போகிறது. எதிரே இரண்டு கிரகங்கள். ஒன்றை மட்டும்தான் ஸ்கேன் பண்ண முடியும். அதில் எரிபொருள் இல்லாவிட்டால், ஒரு மாதமாக ஓட்டிய கப்பல் அம்பேல்.

ஒன்று பளபளவென்று பச்சை. இன்னொன்று வெளிறிய பழுப்பு.

நான் யோசிக்கவே இல்லை. ஏலக்காய் தரம் பிரிக்கிற கை இது. பச்சையாக, பருமனாக இருந்தால் தானாகப் போய்விடும்.

பக்கத்து சீட்டில் இருந்த செல்வி அக்கா, என்னோடு வேலை பார்ப்பவர், கையைப் பிடித்துவிட்டார்.

“இம்புட்டுப் பச்சையா ஒரு காய் இருந்தா நம்புவியாடி? சாயம் ஏத்திருப்பாய்ங்க.”

“அக்கா, இது கிரகம்க்கா.”

“எதுவா இருந்தா என்ன? அந்தப் பழுப்பப் பாரு.”

பார்த்தேன். ஸ்கேனில் வெறும் மணல். கப்பல் நின்றுவிட்டது.

“பச்சையத் தொட்டிருந்தா கெடச்சிருக்கும்ல!” என்றேன்.

“அதுல இருந்துச்சுன்னு நீ பாத்தியா?”

பார்க்கவில்லைதான்.

அதிலிருந்து ஒரே குழப்பம். வேலையில் நல்ல பச்சை ஏலக்காய் கையில் வந்தாலே சந்தேகம். ஈரத்துணியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

“காயக் குளிப்பாட்டுறியா?” என்று கத்தினார் சூப்பர்வைசர்.

சாயங்காலம் திரும்பும் பஸ்சில் செல்வி அக்கா காதோடு கேட்டார்:

“ஏண்டி, அந்தப் பச்சை இன்னும் அங்கனயேதான் கெடக்கா?”

இந்த கேம் ஆடுகிறவர்கள் யாராவது அந்தப் பச்சைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நாளைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வேலை ஓட வேண்டும்.