தீவட்டித் தெரு எண்ணெய்

செங்கல்பட்டு ரயிலடியில் இறங்கி, பழைய சாக்கு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஜெயினு பாய் மண்டிக்குத்தான் கை காட்டுவார்கள். மதுராந்தகத்து நெல் மில்காரனும் அங்கேதான் வரவேண்டும், உத்திரமேரூர் வேர்க்கடலை வியாபாரியும் அங்கேதான் வரவேண்டும். அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்ற ஆள் இல்லை அவர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, நடந்தே இந்த ஊருக்குள் நுழைந்தவர். ஜெயினுலாபுதீன் என்ற முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அன்றைக்கு ஒருத்தனும் இல்லை. கருவாட்டுக்காரா என்பார்கள். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் ஏதோ சில மாதம். மீதி எழுத்தை, சாக்கின் மேல் மை போட்டு எழுதியிருக்கும் மண்டிப் பெயர்களைக் கூட்டிக் கூட்டியே படித்துக்கொண்டார். பி.ஏ. படித்தவன் அவரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கினான் என்றால் அது பொய்யில்லை.

சாக்கு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற சாக்கு எதுவானாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் எலி கடித்திருக்கும். ஒட்டுப் போட்ட இடத்தைச் சேறு பூசி மறைத்திருப்பான். பாய் ஆயிரக்கணக்கான சாக்குகளைத் திருப்பிய கையோடு மனுஷர்களையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். யாராவது சிரித்துக்கொண்டே வந்தால், அடியில் எங்கே ஓட்டை என்றுதான் அவர் கண் முதலில் தேடும்.

அப்படிச் சம்பாதித்துத் தீவட்டித் தெருவில் ஒரு வீடு வாங்கினார். எண்ணெய் வியாபாரம் செய்த ஒரு செட்டியார் குடும்பம் பட்டணத்துக்குக் குடிபோகிறபோது விற்ற வீடு. வீட்டோடு கூட ஒரு கடமையும் வந்தது. வைகாசியில் பெருமாள் கருடன் மேல் ஏறி விடியற்காலையில் இந்தத் தெருவுக்குள் வருவார். கோயிலில் ஏற்றிய தீவட்டிகள் அதற்குள் எண்ணெய் வற்றி மங்கியிருக்கும். இந்த வீட்டு வாசலில் வாகனம் நிற்கும். இந்த வீட்டு எண்ணெயை ஊற்றித் தீவட்டியைப் பிரகாசப்படுத்திக்கொண்டுதான் மேலே போகும். ஊற்றியவருக்குச் சந்தனமும் மாலையும் உண்டு. என்றைக்காவது இந்த வீட்டில் எண்ணெய் தவறினால், அந்த இடத்தில் யார் முதலில் ஊற்றுகிறார்களோ உரிமை அவர்களுக்குப் போய்விடும். அதுதான் வழக்கம்.

"துலுக்கன் வூட்டு எண்ணெய் ஆகுமா" என்று சிலர் கேட்டார்கள். "அவுங்க சாமிக்கு நாம ஏன் ஊத்தணும்" என்று பள்ளிவாசலிலும் கேட்டார்கள். "வெளிச்சத்துக்குத்தான எண்ணெ குடுக்கிறேன், இருட்டுக்கா குடுக்கிறேன்" என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாயை அடைத்தார் பாய். மண்டி இருந்தது, பணம் இருந்தது. ஆனால் அவரை இந்த ஊர்க்காரர் ஆக்கியது அந்த ஒரு விடியற்காலைதான். கருவாட்டுக்காரா என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் வாய் பொத்தி நிற்க, ஊர்ச் சாமி அவர் வாசலில் நிற்கும். அதை அவர் எதற்கும் விடமாட்டார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒருநாள் முனிசிபாலிட்டி ஆள் தண்டோரா போட்டுக்கொண்டு போனான். தீவட்டித் தெரு, பல்லக்குச் சந்து, சிப்பாய்த் தெரு என்ற பழைய பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, நாட்டுக்குப் பாடுபட்டவர்கள் பெயரை வைக்கப்போகிறார்களாம். தீவட்டித் தெருவுக்குத் தியாகி உப்பிலி தெரு என்று பெயர். உப்பிலி ஜெயிலுக்குப் போய் நோயோடு திரும்பிச் செத்தவர். பெயரை வைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்த கவுன்சிலர் பட்டாபி, உப்பிலியின் சொந்தத் தம்பி. இருப்பது அதே தெருவின் கோடி வீட்டில்.

பாய் நேராக அமானுல்லா டீக்கடைக்குப் போனார். ஊர்ச் சேதி எல்லாம் அங்கேதான் கொதிக்கும்.

"இன்னா அமானு, தெரு பேர மாத்துறானுங்களாமே."

"மாத்தட்டும் அண்ணாத்த. உன் வூட்டையா தூக்கினு போறானுங்க" என்றான் அமானுல்லா, டீயை ஆற்றிக்கொண்டே.

"வூட்டத் தூக்க மாட்டான்டா. தீவட்டித் தெருவுல எண்ணெ வூடுன்னுதான கோயில்ல கணக்கு. தெருவே இல்லன்னா வூடு எங்க கீது? நாளைக்கே பட்டாபி இன்னா சொல்லுவான்? எங்க அண்ணன் பேருல தெரு, எங்க வூட்டு எண்ணெதான் ஊத்தணும்பான்."

அமானுல்லா டம்ளரை வைத்தான். "அய்யரு அவ்ளோ தூரம் யோசிப்பாரா?"

"அய்யங்காரு. யோசிக்காமத்தான் கவுன்சிலர் ஆனானா?"

அன்று மாலையே பட்டாபி பாய் வீட்டுக்கு வந்தார். வக்கீல் குமாஸ்தா, ஒல்லியான ஆள், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"சாயபு, தெருப் பேரை மாத்தப்படாதுன்னு எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கிண்டு இருக்கேளாமே. எங்கண்ணா பேர் வெக்கிறதுல உமக்கு என்ன நஷ்டம் ஓய்?"

"எனக்கு இன்னா நஷ்டம் சாமி. உங்களுக்கு இன்னா லாபம், அதச் சொல்லுங்க."

"லாபமா? அவன் ரத்தமா கக்கினான் ஓய், அந்தக் கோடி வீட்டுலதான். அவன் பேர் ஒரு சுவத்துலயாவது இருக்கட்டும்னு அம்மா கேக்கறா. வேற ஒண்ணுமில்ல."

பாய் அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை தெரியவில்லை. தெரியாத ஓட்டைதான் பெரிய ஓட்டை என்பது மண்டியில் அவர் கற்ற பாடம். "பாக்கலாம் சாமி" என்று அனுப்பிவிட்டார்.

கைநாட்டு எல்லாம் கொடுத்தும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பச்சை வண்ணத்தில் தகரப் பலகை அடித்தார்கள். அந்தப் பலகையைப் பார்க்கக் கூடாதென்று பாய் மண்டிக்கு வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். கருட சேவைக்கு முந்தின நாள், அந்தச் சந்தில் இருக்கிற செக்கு வாசலில் பட்டாபி நிற்பதைக் கண்டார். கையில் எண்ணெய் டின். பாயைப் பார்த்ததும் டின்னை மேல்துண்டால் மூடிக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

பாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து மனைவி சரீபுன்னிசாவைக் கூப்பிட்டார்.

"கண்ணால பாத்துட்டேன். டின்னோட போறான். நாளைக்கு என்னை முந்திக்கினு ஊத்தப் போறான்."

"நம்ப வாசல்ல வந்து அவரு எப்டி ஊத்துவாரு? நீங்க முன்னாடி நின்னா சரியாப் போச்சு."

"நிக்கமாட்டேன். நான் இல்லன்னு நெனச்சுகினு அவன் டின்னத் தூக்கினு வரட்டும். ஊர்ப்பட்ட ஜனம் பாக்கும்போது வெளிய வந்து கையப் புடிக்கிறேன். திருட்டப் புடிக்கணும்னா கதவத் தொறந்து வெக்கணும்."

"அவரு வராட்டி?"

"வருவான்."

"வந்து, நீங்க எறங்கி வர்றதுக்குள்ள ஊத்திட்டா?"

பாய் எழுந்தார். தீவட்டிக்கென்று வாங்கி வைத்திருந்த இலுப்பெண்ணெய் டின்னை மச்சு அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் போட்டுக்கொண்டார். அவசரத்தில் இவளே தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிடக் கூடாதே என்ற சந்தேகம். அவர் யாரையும் விட்டு வைத்ததில்லை.

விடிகிற நேரம். மேளச் சத்தம் தெருவுக்குள் வந்தது. பாய் மச்சு அறைக்கு வெளியே இருந்த ஜன்னலைத் துளி திறந்து வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். கருட வாகனம் வாசலில் வந்து நின்றது. தீவட்டிக்காரர் தணிகாசலம் முன்னால் நின்றார். அவர் கையில் தீவட்டி புகைந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

"பாயி, எண்ணெ" என்று குரல் கொடுத்தார் தணிகாசலம்.

பாய் இறங்கவில்லை. பட்டாபி கூட்டத்தின் முன்வரிசையில்தான் இருந்தார். இரண்டு கையும் கூப்பியபடி. டின் இல்லை. பக்கத்தில் யார் கையிலாவது கொடுத்து வைத்திருப்பார் என்று பாய் கூட்டம் முழுக்கத் துழாவினார். ஒருத்தர் கையிலும் டின் இல்லை.

"பாயி, தூங்கினுகிறியா? தீவட்டி அணையப் போவுது" என்றார் தணிகாசலம். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ சொன்னார்கள்: "பேரை மாத்தினதுக்குச் சாயபு கோவம் போல." இன்னொருத்தர்: "சாமிகிட்டயா காட்டறது கோவத்த?" பட்டாபி திரும்பி அந்த ஆளைப் பார்த்து, "சும்மா இரும் ஓய், அவர் வருவார்" என்றார்.

அந்த வார்த்தை மச்சு ஜன்னல் வரைக்கும் கேட்டது. பாய் ஜன்னலை விட்டு எழுந்தார். பாய்ந்து போய்ப் பூட்டில் சாவியை விட்டார். அவசரத்தில் பூட்டு எங்கே திறக்கும்? சாவி ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம். எப்படியோ திறந்து, டின்னை அள்ளிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி, வாசல் கதவைப் பார்த்தால் அது ஏற்கெனவே திறந்திருந்தது.

வெளியே தீவட்டி கொழுந்துவிட்டு எரிந்தது. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சரீபுன்னிசா நின்றிருந்தாள். அவள் கையில் அடுப்படியில் இருக்கிற நல்லெண்ணெய் ஜாடி. அதில் சொட்டு எண்ணெய் பாக்கி இல்லை.

பாய் டின்னை நீட்டினார். "இந்தா தணிகாசலம், எண்ணெ."

"நெறஞ்சிடுச்சி பாயி" என்றார் தணிகாசலம். "இதுக்கு மேல ஊத்தினா வழிஞ்சி என் கை வெந்துடும்."

பட்டர் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தார். வருஷா வருஷம் பாய் கையில் கொடுத்தவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு வழக்கம் வழக்கம்தானே என்பது போல, "எண்ணெய் ஊத்தினது யாரு, பேரைச் சொல்லுங்கோ" என்றார். அவள் துப்பட்டியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். பட்டாபிதான் சொன்னார்: "சரீபுன்னிசா அம்மா." ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பட்டர் அந்தப் பெயரைச் சொன்னார். மாலை அவள் நீட்டிய துப்பட்டி முனையில் விழுந்தது. வாகனம் நகர்ந்தது.

பாய் நிறைந்த டின்னோடு அங்கேயே நின்றார். பட்டாபி போகிற போக்கில் அருகில் வந்தார்.

"என்ன சாயபு, உடம்பு சரியில்லையா?"

"நேத்து செக்குல எண்ணெ வாங்கினீங்களே சாமி. அது எதுக்கு?"

"அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். தைலம் காய்ச்சணும்னார் வைத்தியர். நாளும் கிழமையுமா எதுத்தாப்ல வரவாள்லாம் எண்ணெய் டின்னைப் பாத்தா அபசகுனம்பாளேன்னு மூடிண்டு போனேன். ஏன் ஓய்?"

"சும்மா கேட்டேன்" என்றார் பாய்.

உள்ளே வந்ததும் சரீபுன்னிசா மாலையை மாடத்தில் வைத்துவிட்டு, காலி ஜாடியை அவர் முன்னால் வைத்தாள். "இன்னிக்கு ஆக்குறதுக்கு எண்ணெ இல்ல. அந்த டின்ல இருக்கிறத ஊத்தி ஆக்க முடியாது. கடைக்குப் போங்க."

உரிமை போகவில்லை, அந்த வீட்டிலேயேதான் இருந்தது. ஆனால் மறு வருஷம் கோயில் ஆள் வந்து, "அம்மா இருக்காங்களா" என்றுதான் கேட்டான். "நான் இருக்கேன், சொல்லு" என்றார் பாய். "உங்ககிட்ட இல்ல பாய், அம்மாகிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றான் அவன். எண்ணெய் வாங்கிவருவது பாய் வேலை, ஊற்றுவது சரீபுன்னிசா வேலை என்று ஆகிவிட்டது. தெருவில் பாதிப் பேர் தீவட்டித் தெரு என்றார்கள், பாதிப் பேர் உப்பிலி தெரு என்றார்கள். தீவட்டிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, நிற்கிற இடத்தில் நின்றது.

பாய் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் அவ கையில ஊத்த வெச்சேன். பொம்பள ஊத்தினா விசேஷம்னு தோணிச்சி. இந்த ஊர்ல எவனுக்காவது தோணியிருக்குமா?" என்பார்.

ஒருநாள் அமானுல்லா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "தோணாது அண்ணாத்த" என்றான். "அப்புறம் மச்சு ரூமுக்குப் பூட்டு எதுக்குப் போட்டே?"

பாய் டீயைக் கீழே வைத்தார். பூட்டு போட்டது வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்தார். சரீபுன்னிசா அடுப்படியில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாமா என்று வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். பாய் வாயை மூடிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார்.