ஜிப் அக்கா உட்காரும் வளைவு

படகுத்துறைக்கு இறங்கும் தெருவில் ஜிப் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பழைய சரக்குக் கிடங்கின் வாசல் வளைவுக்கு அடியில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பைக்கு ஜிப், பேண்ட்டுக்கு ஜிப், யாராவது கேட்டால் கூடாரத்துக்கும் ஜிப். வெயிலும் மழையும் அண்டாத இடம் அந்தத் தெருவில் அது ஒன்றுதான். அது போனால் பிழைப்பும் போச்சு. அதனால், வந்தவர் நிமிர்ந்து இரண்டு தடவை வளைவைப் பார்த்தாலே அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, கையில் நோட்டும் அளவு டேப்புமாக ஒரு ஆள் வந்து சேர்ந்தான். மர பால்கனிகளை எண்ணினான். ஆற்று வெள்ளம் ஏறிய உயரங்களை யாரோ சுவரில் கோடு போட்டு வைத்திருந்ததைத் தடவித் தடவி எழுதிக்கொண்டான். டீக்கடையில் நின்று ஏதோ விசாரித்தான். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"இடிக்கத்தான் அளவெடுக்கிறான் அண்ணே," என்றாள் எதிர்க்கடை சாவிக்காரரிடம். "ஆள் இருக்குன்னு தெரிஞ்சா என்னைத்தான் முதல்ல கிளப்புவாங்க. கேட்டா, அங்க யாரும் இல்லைன்னு சொல்லிடுங்க."

"அதை நான் பாத்துக்கிறேன் தங்கச்சி."

அன்றிலிருந்து அவன் தெருமுனையில் தலை காட்டினால் போதும், மெஷின் சாவிக்கடையின் உள்ளறைக்கு உருண்டுவிடும். புதன்கிழமை அவன் வளைவையே படமாக வரைந்தான். பிறகு கடைக்கு வந்து, அங்கே யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டான். யாருமே இல்லை சார் என்று சாவிக்காரர் கூசாமல் புளுகினார். உள்ளே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னிடமா உன் வேலை!

வெள்ளிக்கிழமை அவனே வந்து சுவரில் ஒரு காகிதம் ஒட்டினான். தெருவின் பழைய கட்டடங்களை இடிக்கப் போவதில்லையாம். பழுதுபார்க்கப் போகிறார்களாம். வேலை முடியும்வரை எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் கீழே உள்ள பட்டியலில் இருப்பவர்களுக்கு அவரவர் இடம் திரும்பக் கிடைக்கும். டீக்கடை இருந்தது. சாவிக்கடை இருந்தது. வளைவுக்கு நேரே 'காலி' என்று எழுதியிருந்தது.

"சார், அந்த இடம் என்னுது," என்றாள்.

"மூணு நாள் வந்தேனே, உங்களைப் பாக்கலையே?"

"ஒளிஞ்சிருந்தேன் சார்."

"என்கிட்டயா? எதுக்கு?"

சாவிக்காரர் ஓடி வந்தார். "அவங்க சொல்றது நெசம் சார். பத்தொன்பது வருஷமா அங்கதான் இருக்காங்க."

"யாரும் இல்லைன்னு சொன்னதும் நீங்கதானே?"

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆள் கோபப்படவில்லை. நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"லிஸ்ட் ஒட்டின எல்லாத் தெருவுலயும் இப்படி நாலு பேர் வர்றாங்கம்மா," என்றான். "உங்களை மட்டும் நான் எப்படி நம்புறது?"