இடைவேளைக்கு அப்புறம்

அந்தக் காலத்தில் எங்கள் பெருமாள்மலையில் ஒரு சினிமாவை முழுசாகப் பார்த்தவர் என்று ஒருவரும் கிடையாது. படம் பார்க்க வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். மதியக் காட்சிதான் தோதுப்படும். கொட்டகையில் இடைவேளைக்கு விளக்குப் போடுகிற நேரமும், மலையேறுகிற கடைசி பஸ் கிளம்புகிற நேரமும் ஒன்று. மஞ்சு இறங்கி வழியை மறைப்பதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும் என்று டிரைவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். அதனால் கதாநாயகி கண்ணீரைத் துடைக்க முந்தானையைத் தேடுகிற இடத்தில் எங்கள் ஊர் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். ராத்தங்கிப் பார்க்கலாமே என்பீர்கள். பிழைப்பை விட்டுவிட்டு சினிமாவுக்காகத் தங்கினான் என்ற பெயரை எவன் சுமப்பான்?

இதற்கெல்லாம் விதிவிலக்காக எங்கள் வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. அப்பா பேரிக்காய் வியாபாரம் செய்தார். அந்த லோடுகளை லாரியில் கொண்டுபோய் மண்டியில் இறக்குவது மாமாவின் சோலி. லோடுக்கு ஒரு படம் பார்த்துவிடுவார். லாரி அப்படியே மதுரைக்குப் போய்விடும் என்பதால் அவரும் அதே கடைசி பஸ்ஸில்தான் திரும்பி வருவார். ஆனாலும் முடிவு வரைக்கும் கதை சொல்லுவார். அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. ஓசியில் கதை கேட்கிறவர்களுக்குக் குறுக்குக் கேள்வி எதற்கு?

மண்டிக்கு லீவு விடுகிற அமாவாசையன்று பேரிக்காய்க் கொட்டகையில் சபை கூடும். அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பிக் காய் அடுக்குவார்கள். மாமா கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, அந்த மாதம் பார்த்த படங்களுக்குத் தீர்ப்பு வழங்குவார். அவரிடம் இரண்டே தரம்தான். ஒன்று, பஸ்ஸைத் தவற விடலாம் என்று தோன்றவைக்கிற படம். மற்றது, பஸ் எப்போது வரும் என்று ஏங்கவைக்கிற படம்.

அந்த ஆவணி அமாவாசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் ஒரு சாமி படம். மேகம் என்று பஞ்சைப் பிய்த்துப் போட்டிருக்கிறானாம். மஞ்சு எப்படி நகரும் என்று நம் ஊரில் வந்து ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாமே என்று மாமா வருத்தப்பட்டார். அடுத்தது ராஜா ராணி படம். கத்தி தகரமாம், யானை மட்டும் நிஜமாம். எனக்கு அந்த யானையே போதும். கதையே வேண்டாம் என்று சொன்னேன்.

மூன்றாவதுதான் பஸ்ஸைத் தவற விடலாம் என்று தோன்றவைத்த படம். மலைமேல் ஒரு பெண். அவளை மனசில் வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரப் பையன். பட்டணத்திலிருந்து ஒரு பணக்காரன் பெண் கேட்டு வருகிறான். இதைச் சொல்லிவிட்டு மாமா வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். வழக்கமாக வாயே திறக்காத அத்தை, குனிந்த தலை நிமிராமல், "பொறகு அந்தப் புள்ள என்ன செஞ்சா?" என்று கேட்டாள்.

மாமா அவசரப்படவில்லை. அந்தப் பெண் பணக்காரனிடம் மாட்டேன் என்று நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாளாம். அவனும் பெரிய மனசுக்காரன், தாலியைத் தானே எடுத்துத் தோட்டக்காரன் கையில் கொடுத்தானாம். பெண்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அத்தை அடுக்கிய பெட்டியில் அன்றைக்குப் பேரிக்காயைவிட வைக்கோல்தான் அதிகம் இருந்தது.

அடுத்த வாரமே பழனியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. லோடுக்குப் பின்னால் அலைகிற மாமாவுக்கே அத்தையைக் கொடுக்கலாமே என்று அம்மா ஒருதரம் வாயெடுத்து, 'சினிமாப் பைத்தியத்துக்கா?' என்று அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வரும் வேலை மாமாவுக்கு. பஞ்சாமிர்த டப்பாக்களைச் சுமந்துகொண்டு, செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டவர் மாதிரி வந்தார். எனக்கு டப்பாக்கள் மேல்தான் கண். இந்தச் சம்பந்தம் முடிந்துவிட வேண்டும் என்று பெருமாளை மனசார வேண்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல பேச்சுக்காரி. குளிரைப் பற்றிப் பேசி முடித்ததும் சினிமாவுக்கு வந்தார். எங்கள் ஊருக்கு வந்தால் உன் நாத்தனார் மாதம் ஒரு படமாவது பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தான் கடைசியாகப் பார்த்த படத்தின் கதையை எடுத்தார். மலை, தோட்டக்காரன், பணக்காரன். அதே படம்!

"பெரியவுக சொன்னபடி அந்தப் புள்ள டவுனு மாப்பிள்ளையக் கட்டிக்கிட்டா. தோட்டக்காரப் பய மழையில நனைஞ்சே செத்தான். நல்ல படம், குடும்பத்தோட பாக்கலாம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி இல்லவே இல்லை என்று நடுவீட்டில் எழுந்து நின்று, மாமா சொன்ன முடிவை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "யாரும்மா ஒனக்கு இந்தக் கதை விட்டது?" என்று கேட்டார். நான் கை காட்டினேன். மாமா தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பஞ்சாமிர்த ஆசை செத்துவிட்டது.

அப்போதுதான் காபித் தட்டோடு நின்றிருந்த அத்தை பேசினாள். தட்டை அந்த அம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"எங்க ஊர்ல அந்தப் படம் அப்படி முடியலீங்க."

அப்பா பல்லைக் கடித்தார். அந்த அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எப்படி முடிஞ்சது தாயி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் புள்ள இங்கயே இருந்துட்டா."

அவர் அத்தையைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். காபியை நிதானமாக, அடி மண்டி வரைக்கும் குடித்து முடித்தார். பிறகு மகனையும் மற்றவர்களையும், "எந்திரிங்க, வெரசா கெளம்புவோம், பஸ்ஸு போயிரும்" என்று கிளப்பிவிட்டார். வாசலில் அத்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். டப்பாக்களைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த மகராசி நல்லா இருக்கட்டும்.

அப்பா நாலு நாள் மாமாவோடு பேசவில்லை. அம்மா அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கூடப்பிறந்தவளின் பிடிவாதத்துக்கு முன்னால் அப்பா என்ன செய்வார்? தை மாதம் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம். மாமா பெண்டாட்டியும் அத்தைதான் என்பதால், கூப்பிடும் முறையை மாற்றுகிற சிரமம்கூட எனக்கு இல்லை.

அந்தச் சம்பந்தம் ஏன் முறிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த அம்மா ஒரு நல்ல படத்தைத் தப்பாகச் சொன்னார். உண்மைக்காக எங்கள் அத்தை எதிர்த்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் மாமா லோடுக்குப் போனார், படம் பார்த்தார், அமாவாசையன்று பெட்டிமேல் உட்கார்ந்தார். ஆனால் கதை இடைவேளையோடு நின்றுபோனது. பிறகு என்ன ஆச்சு என்று பிடித்து உலுக்கினாலும், "பஸ் வந்திருச்சுல்ல, அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?" என்று கையை விரித்தார். அத்தை வைக்கோலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொண்டால் எப்பேர்ப்பட்ட ஞாபகசக்தியும் பாழாய்ப் போய்விடும்போல, நான் மட்டும் செய்துகொள்ளவே கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.