போனுக்கு ஓர் ஆங்கிலம்

எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி அக்காவைப் போல முகம் சுளிக்காமல் உழைத்தவரை நான் பார்த்ததில்லை. ஆவி பறக்கும் மேசையில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பார். "கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன்." இயந்திர இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது. பக்கத்தில் துணி மடிக்கும் எனக்கு, ஒரு பிரயோஜனமும் இல்லாமல், பாதி மனப்பாடமே ஆகிவிட்டது.

அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, வெளிநாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். கல்யாணமான கையோடு போனவர். அக்கா அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஆங்கிலத்தில் பேசித் தேற வேண்டுமாம். எவன் போட்ட சட்டமோ, புருஷனோடு குடித்தனம் நடத்த இலக்கணம் எதற்கு?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமா போனில் கூப்பிட்டுப் பாடம் நடத்துவார். அந்த நாட்டிலேயே இருப்பவராயிற்றே. ஆனால் அவருடைய ஆங்கிலம் அடுப்படியில் கற்றது. நடந்து முடிந்தது எதுவானாலும் சொல்லின் வாலில் ஒரு 'ட்' ஒட்டிவிடுவார். கோ என்றால் கோவ்ட், ஈட் என்றால் ஈட்டட், கம் என்றால் கம்ட்.

"இங்க எல்லாருக்கும் புரியுதுல்ல? அப்ப அதான் சரி" என்பார்.

மாலை வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "மாமாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? மத்தபடி சாப்டியா, தூங்கினியா, அதுக்கு மேல அவருக்குப் பேச வராது. பாடம் நடத்தறப்பதான் மனுஷன் சிரிக்கிறாரு. அதையும் பிடுங்கச் சொல்றியா?"

ஆக, வகுப்புக்கு ஓர் ஆங்கிலம், போனுக்கு ஓர் ஆங்கிலம் என்று காலத்தை ஓட்டினார்.

தேர்வில் ஊர், வேலை என்று கேட்டவரைக்கும் அக்கா பிசகாமல் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு தேர்வு நடத்திய அதிகாரியம்மாள், கணவரோடு இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லச் சொன்னாராம். மாமா பெண் பார்க்க வந்தது, முதல்முறை சமைத்துப் போட்டது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது, எல்லாவற்றையும் அக்கா கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றின் வாலிலும் 'ட்'.

"சரியானது தெரியும்டி. அவரப் பத்திப் பேசினா அவரு வார்த்தைதான் வருது" என்றார் மறுநாள்.

முடிவு வந்த மதியம் மாமா கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"தேறலைங்க" என்றார் அக்கா.

மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் சொல்லிக்குடுத்த மாதிரிதானே சொன்ன?"

இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று அக்காவைக் கண்ணால் கெஞ்சினேன்.

"இல்லைங்க. வகுப்புல சொல்லிக்குடுத்த மாதிரி சொல்லிட்டேன்."

"அதான் பாத்தேன்" என்றார் மாமா. குரலில் தெம்பு திரும்பியிருந்தது. "அந்த வகுப்ப மொதல்ல நிறுத்து. நானே உன்னத் தேத்திக் கூட்டிட்டு வரேன்."

"சரிங்க" என்றார் அக்கா.

அன்று மாலையிலிருந்து அக்கா வகுப்புக்குப் போகவில்லை.